பரிசத் தேனும் ஓர் ஆம்பூர் நாக்கும்

ஆம்பூரில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவன் எவனும் எதையும் கண்ணால் பார்த்து நம்ப மாட்டான். வாயில் போட்டுப் பார்ப்பான். ஆவாரம்பட்டை வண்டி வந்து நின்றால் ஒரு துண்டை உடைத்துக் கடிப்பான். கடுக்காய் மூட்டையைப் பிரித்தால் ஒரு காயைக் கல்லில் நசுக்கி, நாக்கின் நடுவில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுக்கிறதா, தொண்டை வரைக்கும் போகிறதா, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பான். துவர்ப்பு நன்றாக இருந்தால் தோல் பதமாகும். இல்லாவிட்டால் தொட்டியில் போட்ட தோல் அத்தனையும் பாழ்.

எங்கள் ஷாப்பில் கடுக்காய் பார்க்கிற ஆள் நான்தான். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. முதலாளி நல்ல மனிதர், ஆனால் என்னைக் கெடுத்தவரும் அவர்தான். வாலாஜாபேட்டையிலிருந்து வியாபாரி வந்து உட்கார்ந்தால் போதும், "நம்ம ஆளு வாய்ல வெச்சிட்டான்னா அதோட பேச்சு முடிஞ்சிட்ச்சி" என்பார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் திமிர் தலைக்கேறிவிட்டது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் அதே கதைதான். குழம்பில் விரலைத் தொட்டு நக்கிக் கண்ணை மூடி, "உப்பு கம்மி, புளி ஜாஸ்தி" என்று தீர்ப்புச் சொல்வேன். "அதெல்லாம் ஷாப்புல தோலுக்குச் சொல்லுங்க, இங்க வேணாம்" என்று சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள் என் மனைவி. நான் திருந்தவில்லை.

அந்த வருஷம் மாசி பிறந்தும் ஜவ்வாது மலையிலிருந்து காய் சரியாக இறங்கவில்லை. இறங்கியதிலும் பாதி சொத்தை. "நீயே மேல ஏறிப் போ. ஊர் ஊராப் பார்த்து, நல்ல காய் எங்க இருக்குன்னு சொல்லு" என்று என்னை அனுப்பிவிட்டார் முதலாளி. ஆலங்காயம் வரைக்கும் மாட்டுவண்டி. அதற்கு மேல் கால்தான். துணைக்கு நாட்றம்பள்ளிப் பக்கத்துக் கழுதைக்காரர் ஒருவர் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கழுதையைத் தெலுங்கில் திட்டுவார், என்னைத் தமிழில் திட்டுவார். இரண்டு பேரில் கழுதைதான் சொன்ன பேச்சைக் கேட்கும் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

மலை ஏறுவது ஒன்றும் லேசாக இல்லை. பாதை என்று சொன்னதெல்லாம் ஆடு இறங்கிய தடம். முதல் நாள் மத்தியானத்துக்குள் என் முழங்கால் இரண்டும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டன. ஆனால் ஒரு மேடு ஏறி முடித்ததும் காற்று வந்து சட்டைக்குள் புகுந்ததே, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! பிறந்ததிலிருந்து தோல் தொட்டி நாற்றத்தில் வளர்ந்தவன் நான். காற்றுக்கு வாசனையே இல்லாமலும் இருக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நின்ற இடத்தில் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். கழுதைக்காரர் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று தண்ணீர் கொண்டுவந்தார்.

ஊர்கள் சின்னச் சின்னதாக இருந்தன. பத்து வீடு, பதினைந்து வீடு. புல் வேய்ந்த கூரை தரையைத் தொடுகிற மாதிரி இறங்கியிருக்கும். உள்ளே போனால் குனிந்தபடிதான் இருக்க வேண்டும். ஆனால் எந்த ஊரிலும் எங்களைப் பட்டினி போடவில்லை. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கிடைக்கும். ஹலால் செய்யாத கறியை நான் தொட மாட்டேன் என்று தெரிந்து, கேட்காமலேயே முட்டை அவித்து வைப்பார்கள். சாப்பிட்டு முடித்த பிறகு கேள்வி ஆரம்பமாகும். ரயில் மலைமேல் ஏறுமா? பாலாற்றில் இப்போது தண்ணீர் ஓடுகிறதா? ஒரு ஊரில் ஓர் அம்மாள், "இவ்ளோ தோலும் எங்க போவுது சாயபு?" என்று கேட்டாள். கப்பலில் சீமைக்குப் போகிறது என்றேன். "அய்யோ பாவம், அவங்க ஊர்ல மாடே கெடையாதா?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

வழியெல்லாம் நான் சும்மா வரவில்லை. தொழில் புத்தி. கண்ணில் படுகிற மரத்திலெல்லாம் பட்டையைக் கீறிக் கடித்தேன். காயைக் கடித்தேன், இலையைக் கடித்தேன். புதிதாக ஒரு துவர்ப்பைக் கண்டுபிடித்து முதலாளியை அசத்திவிட வேண்டும் என்று ஆசை. கழுதைக்காரருக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். "எங்கழுதகூட மோந்து பாத்துட்டுதான் வாய வெக்கிது பாய். நீ அதுகூடப் பாக்கறதில்லியே" என்றார்.

மூன்றாம் நாள் காலை, அடுத்த ஊர் ஒரு கூப்பிடு தூரத்தில் தெரிந்தபோது, வேலி மேல் படர்ந்திருந்த ஒரு கொடியைப் பார்த்தேன். சின்ன இலை, அடியில் மெல்லிய பூனைமுடி. இரண்டு இலையைப் பறித்து மென்றேன். கொஞ்சம் கசந்தது, கொஞ்சம் துவர்த்தது. போதவில்லையென்று இன்னும் நாலு இலையைப் போட்டு நன்றாக அரைத்துத் துப்பினேன். தோலுக்கு உதவாது என்று முடிவு செய்தேன். இருந்தாலும் ஒரு கொத்தை ஒடித்துச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டேன்.

ஊருக்குள் போனால் திருவிழா மாதிரி கூட்டம். ஒரு வீட்டு வாசலில் மாவிலை கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணுக்குப் பரிசம் போடுகிற நாள். என்னைப் பார்த்ததும் பெண்ணின் தகப்பனார் எழுந்து ஓடி வந்தார். குட்டையான மனிதர், முகமெல்லாம் சிரிப்பு. கடுக்காய் மூட்டை விஷயமாக இரண்டு தடவை ஆம்பூருக்கு வந்து என்னைப் பார்த்திருக்கிறார். "நல்ல நேரத்துல வந்தீங்க சாயபு. தேன் பாக்கறதுக்கு ஆளில்லாம உக்காந்திருக்கோம்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

விஷயம் இதுதான். அந்த ஊரில் பெண் கேட்கிற பையன் தானே பாறையில் தொங்கி மலைத்தேன் எடுத்து வர வேண்டும். அந்தத் தேனைப் பெண் வீட்டாரும் தொடக் கூடாது, பையன் வீட்டாரும் தொடக் கூடாது. இரண்டு பக்கமும் சேராத ஓர் ஆள் முதலில் ருசி பார்க்க வேண்டும். "இனிக்குதுன்னு சொன்னா வெத்தல மாத்திக்குவோம்" என்றார் தகப்பனார். "இனிக்கலேன்னா காடு மனசொப்பிக் குடுக்கலேன்னு அர்த்தம். பையன் அப்புறம் இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். இனிக்காத தேன் எங்கே இருக்கிறது என்கிற சிரிப்பு அது.

மாப்பிள்ளைப் பையன் எதிரே உட்கார்ந்திருந்தான். ஒல்லியான ஆள். தேனீ கொட்டி ஒரு கண் முழுக்க மூடிக்கிடந்தது. வலது கை வீங்கிப் பூசணிப் பிஞ்சு மாதிரி இருந்தது. அந்தக் கையாலேயே தேன் நிறைந்த மூங்கில் குழாயை என் முன்னால் வைத்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. காலை மடித்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, ஒரு விரலை விட்டு எடுத்து நாக்கின் நடுவில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

இனிக்கவில்லை.

விளக்கெண்ணெயில் கொஞ்சம் புளித்தண்ணீர் விட்டது மாதிரி வழவழவென்று எதுவோ தொண்டையில் இறங்கியது. மறுபடியும் விரலை விட்டேன். அதே விளக்கெண்ணெய். மற்றவனாக இருந்தால், போகட்டும் என்று தலையை ஆட்டிவிட்டு வெற்றிலையை வாங்கி மடித்திருப்பான். நான் ஆம்பூர் நாக்கு. முதலாளி முன்னால் நின்று சொல்கிற அதே குரலில், "இது தேனே இல்லியே. இன்னா கலந்தீங்க இதுல?" என்று கேட்டுவிட்டேன்.

கூட்டத்தில் எவர் முகத்திலும் ஈயாடவில்லை. தகப்பனாரின் சிரிப்பு அப்படியே நின்றது. "சரியாப் பாருங்க சாயபு" என்றார். "ரெண்டு தரம் பாத்தாச்சு. பத்து வருஷமா இதான் என் தொழிலு. இதுல துளிகூட இனிப்பு கெடையாது" என்றேன். மாப்பிள்ளை, "நான்தான் ஏறி எடுத்தேன்" என்று மட்டும் சொன்னான். யாரைப் பார்த்துச் சொன்னான் என்று தெரியவில்லை. பெண்ணுக்கென்று கொண்டுவந்து தட்டில் விரித்து வைத்திருந்த புதுப் புடவையை அவன் அம்மா எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

அதைப் பார்த்த பிறகுதான் நான் என்ன காரியம் செய்தேன் என்பது எனக்கு உறைத்தது. ஆனாலும் வாய் இறங்கி வரவில்லை. இல்லாததை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? கடுக்காயைக்கூடப் பார்க்காமல் எழுந்து வெளியே வந்துவிட்டேன். கழுதைக்காரர் பின்னாலேயே வந்தார். "கல்யாண வூட்ல வந்து இப்டியா பேசுவாங்க? ஒரு வார்த்த இனிக்குதுன்னு சொன்னா உன் சொத்தா பூடும்?" என்று ஆரம்பித்தவர் ஊர் எல்லை வரைக்கும் நிறுத்தவில்லை. எல்லை ஓரத்தில் கழுதை நின்றுவிட்டது. தெலுங்கில் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அது அசையவில்லை.

அப்போதுதான் பின்னால் ஆள் ஓடி வருகிற சத்தம் கேட்டது. கல்யாணப் பெண். முகமெல்லாம் மஞ்சள், தலையில் பூ, கண்ணில் நெருப்பு. பரிசம் முடிகிற வரைக்கும் பெண் உள்ளேயிருந்து வெளியே வரக் கூடாதாம். அதையெல்லாம் அவள் வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"நில்லுங்க" என்றாள். "ஆம்பூர்ல உங்களுக்கு வேற வேலயே இல்லியா? மலையேறி வந்து ஒருத்தி வாழ்க்கைல மண்ணப் போட்டுட்டுப் போறீங்களே, நல்லா இருப்பீங்களா?"

"நான் இன்னாம்மா பண்றது, தேன் இனிக்கல" என்று நான் வாயைத் திறந்தேன். அவள் மேற்கொண்டு திட்டவில்லை. என் வாயையே உற்றுப் பார்த்தாள்.

"பல்லு ஏன் இவ்ளோ பச்சயா இருக்கு? வர்ற வழில இன்னா மென்னீங்க?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தக் கொத்தை எடுத்து நீட்டினேன். அவள் அதை வாங்கிப் பார்த்தாள். மடியில் முடிந்திருந்த வெல்லத் துண்டை எடுத்து என் கையில் வைத்து, "தின்னுங்க" என்றாள். வாயில் போட்டேன். ஆற்று மணல். நறநறவென்று பல்லில் அரைபட்டதே தவிர, இனிப்பு என்று ஒன்றுமே இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாக்கு செத்துவிட்டது, பிழைப்பு போய்விட்டது, இனி ஷாப்பில் தோல் தூக்க வேண்டியதுதான் என்று அங்கேயே கண் கலங்கிவிட்டேன். என் மூஞ்சியைப் பார்த்து அந்தப் பெண் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இது சிறுகுறிஞ்சான்" என்றாள். "மென்னா வெல்லம் மண்ணாப் பூடும். கொஞ்ச நேரத்துக்குத்தான். அப்புறம் சரியாய்டும். எங்க ஊர்ல ஆடு மேய்க்கிறவளுக்குக்கூடத் தெரியுமே இது. நாக்குலயே பொழைக்கிறீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

மூக்கு அறுபட்டுப் போய் அவள் பின்னால் நடந்தேன். கழுதைக்காரருக்கு அன்றைக்கு இருந்த குஷி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வழி முழுக்கக் கழுதையின் காதில் என்னைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அதுவும் இப்போது வேகமாகவே நடந்தது.

வாசலில் மாப்பிள்ளை வீட்டார் புறப்பட நின்றிருந்தார்கள். பெண் நேராகப் போய், கொத்தைத் தகப்பனார் முன்னால் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் முதலில் நம்பவில்லை. "சாயபு சங்கடப்பட்டுக்கினு இப்டி மாத்திச் சொல்றாரு. பெரிய மனுசங்க அப்டித்தான்" என்றார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அவர் இரண்டு இலையைப் பிடுங்கி வாயில் போட்டு மென்றார். வெல்லத்தைக் கடித்தார். தூவென்று துப்பினார். "மண்ணுதான்" என்றார்.

அதற்கப்புறம் அந்த வாசலை யாராலும் கட்டுப்படுத்த முடியவில்லை. எனக்கொரு இலை, உனக்கொரு இலை என்று கொத்து கை மாறியது. போதாமல் இரண்டு பேர் ஓடிப்போய் வேலியிலிருந்து இன்னும் ஒடித்து வந்தார்கள். தெரிந்த இலைதான், ஆனால் கூட்டமாகச் சேர்ந்து மெல்லுவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறதே. வெல்லத்தைக் கடிப்பதும், துப்புவதும், ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துச் சிரிப்பதுமாக இருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா புடவையை இடுப்பில் இடுக்கிக்கொண்டே மென்றாள். கழுதைக்காரரும் மென்றார். கழுதைக்கு நீட்டினார், அது மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சிரிப்பு கொஞ்சம் அடங்கியபோது தகப்பனார் மட்டும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக, "காலைல குழாய் வந்தப்பவே நான் ஒரு வெரலு நக்கிட்டேன்" என்றார். "தொடக் கூடாதுதான். ஆச தாங்கல. நல்லாத்தான் இனிச்சிது."

"அப்ப ஏன்யா சொல்லல?" என்று கேட்டாள் மாப்பிள்ளையின் அம்மா. அவள் குரலில் சிரிப்பு போயிருந்தது.

"சாயபு இல்லன்னாரே. நாக்கையே தொழிலா வெச்சிருக்கறவரு சொல்றாரு. அப்ப என் நாக்குதான் கெட்டுப் பூட்ச்சின்னு நெனச்சிட்டேன்."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். இந்த மனிதர் இரண்டு தடவை ஆம்பூருக்குக் காய் சுமந்து வந்திருக்கிறார். அதில் ஒரு தடவை நான் ஒரு காயைக் கடித்துவிட்டு, "ரெண்டாந்தரம்" என்று சொல்லித் திரும்பிப் பார்க்காமல் போயிருக்கிறேன். அன்றைக்குக் காலையில் நான் என்ன தின்றுவிட்டு வந்திருந்தேனோ, யாருக்குத் தெரியும்? இவர் மாதிரி எத்தனை பேர் தங்கள் காய்தான் மட்டம் என்று நம்பி மலை ஏறியிருப்பார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உங்க நாக்கு நல்ல நாக்கு. என்துதான் மோசம்" என்றேன். அவர் அவசரமாக, "அப்டியெல்லாம் சொல்லாதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பரிசம் நடக்க வேண்டுமே. நேரம் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பக்கத்தில் ஒருவர், "சரி, இப்ப தேன யாரு பாக்கறது?" என்று கேட்டார். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த வாசலில் இருந்த ஏறக்குறைய அத்தனை பேரும் இலையை மென்றிருந்தார்கள். "சாயபுக்கு இந்நேரம் சரியாயிருக்கும், அவரே பாக்கட்டும்" என்றது ஒரு குரல். "அய்யா, என்னெ வுட்ருங்க" என்று இரண்டு கையையும் கூப்பிவிட்டேன். மாப்பிள்ளை இலையைத் தொடவில்லை. ஆனால் அவன் தேனை அவனே பார்த்துச் சொன்னால் யார் ஏற்பார்கள்? அப்படிப் பார்த்தால் வாசலில் மிச்சமிருந்த நல்ல நாக்கு ஒன்றே ஒன்றுதான்.

"பொண்ணே பாக்கட்டும்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. வழக்கம் இல்லையே என்று இரண்டு பேர் இழுத்தார்கள். "வழக்கப்படி பாத்துதான் இந்தக் கதி ஆச்சி" என்றாள் அவள்.

பெண் வந்து குழாய் முன்னால் உட்கார்ந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நான் செய்தது மாதிரியே தொண்டையைச் செருமி, ஒரு விரலை விட்டு எடுத்து, நாக்கின் நடுவில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ரொம்ப நேரம் மூடியிருந்தாள். மாப்பிள்ளை மூச்சு விடவில்லை. தகப்பனார் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தார்.

"இனிக்குது" என்றாள்.

எல்லாரும் ஓவென்று எழுந்தார்கள். அவள் கண்ணைத் திறந்து, விரலை இன்னொரு தடவை நக்கி, யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா போன வருசம் கொண்டாந்து குடுத்தது இதவிட நல்லா இருந்துச்சி."

மாப்பிள்ளை வீங்காத கண்ணையும் மூடிக்கொண்டான்.

"போன வருசமா?" என்றார் தகப்பனார்.

மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலைத் தட்டைத் தூக்கி அவர் கையில் திணித்தாள். இரண்டாவது தடவை அவர் கேட்பதற்குள் தட்டு மாறிவிட்டது.